பழைய பெட்ரோல் ஒரு செம்பு

பெட்ரோல் கெட்டுப்போகும் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. தெரியாமல் இருப்பது ஒரு குற்றமா? இல்லை. ஆனால் தெரிந்த மனுஷர் ஒருவர் வந்து, தொண்டைத் தண்ணீர் வற்ற எடுத்துச் சொல்லிவிட்டுப் போன பிறகும் கேட்காமல் இருந்தோமே, அதை நினைத்தால்தான் எனக்கு இந்த வயதிலும் வயிறு எரிகிறது. அம்மா கேட்கவில்லை என்று பழியை அவள் தலையில் போட்டுவிட்டுப் போகலாம். அவள் வந்து மறுக்கப் போவதில்லை. ஆனால் ஊற்றியது என் கை.

எங்கள் வீடு குற்றாலத்தில், ஐந்தருவிக்குப் போகிற ரோட்டில் இருந்தது. கீழே நாங்கள் குடியிருந்தோம். சீசன் மாதங்களில் மாடியை அருவியில் குளிக்க வருகிறவர்களுக்கு விட்டுவிடுவோம். அப்பாவுக்குத் தென்காசிப் பக்கம் வயல் இருந்தது. வயலைவிட, வீட்டைவிட அவருக்கு உசத்தி அவருடைய கார்தான். கறுப்பு நிறச் சீமைக் கார். டிரைவர் வைத்துக்கொள்ள மாட்டார். தானே ஓட்டுவார், தானே துடைப்பார், வேறு யாரும் கதவை ஓங்கிச் சாத்தினால் முகம் சுண்டிப்போகும்.

நான் ஒரே பிள்ளை. என்னைப் பாளையங்கோட்டையில் ஆசிரியப் பயிற்சிக்குச் சேர்த்தபோது அந்தக் காரில்தான் கொண்டுபோய் ஹாஸ்டலில் விட்டார். லீவுக்கு லீவு அவரே வந்து கூட்டிக்கொண்டு போவார். வழியில் பெட்ரோல் போட நிறுத்தினால் அங்கே பம்பு அடிக்கிறவரிடமும் சொல்லுவார்: "எம் மக டீச்சருக்குப் படிக்கா." நான் வெட்கப்பட்டு மறுபக்கம் திரும்பிக்கொள்வேன். இன்னும் நாலு தடவை சொல்லியிருக்கக் கூடாதா என்று பிற்பாடு எத்தனையோ நாள் நினைத்திருக்கிறேன்.

பயிற்சி முடிந்து நான் வீட்டுக்கு வந்த மாதமே அப்பா போய்விட்டார். ஐம்பதுகளின் கடைசி அது. மறுநாள் எல்லாரும் திருச்செந்தூர் போவதாக இருந்தோம். அதற்காக அப்பா சாயங்காலம் தென்காசிக்குப் போய் டாங்கி நிறையப் பெட்ரோல் போட்டு வந்து காரை ஷெட்டில் விட்டார். விடிகிற நேரத்தில் நெஞ்சு வலிக்கிறது என்றார். டாக்டரைக் கூப்பிட ஆள் போய்த் திரும்புவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, கார்ச் சாவியைக் கேட்டார். அம்மா கொடுக்கவில்லை. "அவுக நம்மளக் கூட்டிட்டுப் போவணும்னு ஊத்தி வச்ச எண்ணெய். அது அப்படியே கெடக்கட்டும்" என்றாள். பெட்ரோலை அம்மா எப்போதும் எண்ணெய் என்றுதான் சொல்லுவாள். சாவி அம்மாவின் டிரங்குப் பெட்டிக்குள் போனது. கார் ஷெட்டுக்குள் நின்றது. குற்றாலத்துச் சாரல் தெரியும்தானே, ஆனி பிறந்தால் சுவரில் சாய்த்து வைத்த பாய்கூடப் பூத்துப்போகும். ஓட்டுக் கூரையும் ஒரு பக்கம் மூங்கில் தட்டியும் உள்ள ஷெட்டுக்குள் அந்தக் கார் நாலு சாரல் பார்த்தது.

வருஷத்துக்கு ஒரு நாள், ஆயுத பூஜைக்கு மட்டும் தட்டியை விலக்குவார்கள். மாமா வந்து காரைக் கழுவுவார். சந்தனம், குங்குமம், செவ்வந்தி மாலை, எல்லாம் உண்டு. நாலு சக்கரத்துக்கும் முன்னால் எலுமிச்சம்பழம் வைப்பார்கள். வைத்தால் காரை நகர்த்தி அதை நசுக்க வேண்டாமா? நகர்த்த மாட்டார்கள். மறு வருஷம் போய்ப் பார்த்தால் பழைய எலுமிச்சம்பழம் கறுத்துச் சுருங்கி அதே இடத்தில் கிடக்கும். அதைப் பொறுக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வைப்பார்கள். காரைப் போலத்தான் நானும் இருந்தேன். பரீட்சையில் தேறிய சர்டிபிகேட் அலமாரியில் இருந்தது. வேலை பற்றிப் பேச்சை எடுத்தால் மாமாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

நாலாவது வருஷம் எனக்குப் பொறுக்கவில்லை. மாடியில் தங்கியிருந்த ஒரு அம்மாளிடம் கொடுத்து, யாருக்கும் தெரியாமல் திருநெல்வேலியில் ஒரு பெண்கள் பள்ளிக்கு விண்ணப்பம் தபாலில் போடச் சொன்னேன். பதில் வந்துவிட்டது. வருகிற திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்கு சர்டிபிகேட்டுகளோடு நேரில் வர வேண்டும். மாமா கடிதத்தை இரண்டு தடவை வாசித்தார்.

"நம்ம வீட்டுப் பொம்பளப் பிள்ள பஸ்ல இடிபட்டுப் போயி வேல கேக்கணுமாக்கும்? நல்லாருக்கு நியாயம்! ஊருல நான் தல நிமுந்து நடக்கவா வேண்டாமா?"

நான் அழவில்லை. அழுதால் அதையே சாக்காக வைத்துப் பேச்சை முடித்துவிடுவார் என்று தெரியும். அடுப்படியில் இருந்த அம்மா அப்போது ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தாள்.

"பஸ்ல எதுக்குப் போவணும்? அவுக வண்டி நிக்குல்லா? அதுல போவட்டும். அவுகளே கூட்டிட்டுப் போன மாதிரி இருக்கும்."

அம்மாவைத் திட்டுவதற்கென்றே இதை எழுத உட்கார்ந்த எனக்கு இந்த இடத்தில் கை நின்றுவிடுகிறது. நாலு வருஷமாகக் கொடுக்காத சாவியை எனக்காக எடுத்துக் கொடுத்தாள். மாமாவால் அக்காள் பேச்சைத் தட்ட முடியவில்லை. தானும் கூட வருவதாகச் சொல்லிவிட்டு, காரைப் பார்க்கத் தென்காசியிலிருந்து ஒரு மெக்கானிக்குக்கு ஆள் அனுப்பினார்.

மெக்கானிக் வெள்ளிக்கிழமை வந்தார். ஒல்லியான மனுஷர், மாமாவைவிட நாலைந்து வயது மூத்திருப்பார். யுத்த காலத்தில் பட்டாளத்தில் லாரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தவர். எல்லாரும் அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். நான் மெக்கானிக் அண்ணாச்சி என்பேன். காரின் இஞ்சினைத் திறந்து பார்ப்பார் என்று நினைத்தேன். அவர் நேரே பின்பக்கம் போய் டாங்கி மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். முகத்தைச் சுளித்தார்.

"இது எப்ப ஊத்துனது ஆச்சி?" என்று அம்மாவிடம் கேட்டார்.

"நாலு வருஷம் ஆச்சு. ஏன், எதும் கொறையுதா?"

"கொறையல. அவ்வளவும் கெட்டுப்போச்சு. சுத்தமா எறக்கிரணும்."

அம்மா சிரித்தாள். "எண்ணெய் கெட்டுப் போவுமா? அரிசியா பருப்பா, வண்டு விழ? அரிசியே பழசுதானே நல்லாருக்கும். புதுசு குழைஞ்சுல்லா போவும்!"

"இது அரிசி மாதிரி இல்ல ஆச்சி. பாலு மாதிரின்னு வச்சுக்கிடுங்க. நாளானாத் திரிஞ்சு போவும். மோந்து பாத்தாத் தெரியும்."

அம்மா மோந்து பார்க்கவில்லை. நான் பார்த்தேன். பெட்ரோல் வாடையே இல்லை. புது மேஜைக்குப் பூசின வார்னிஷும் புளித்த எதுவோவும் கலந்த மாதிரி, தொண்டையில் போய் ஒட்டுகிற ஒரு வாடை. அவர் காருக்கடியில் படுத்து டாங்கியின் அடியில் உள்ள திருகைக் கழற்றி, மேல் தகரம் வெட்டிய மண்ணெண்ணெய் டின்னை அடியில் வைத்தார். கடுங்காப்பி நிறத்தில் இறங்கியது. விரலால் தொட்டு இரண்டு விரலையும் சேர்த்துப் பிரித்துக் காட்டினார். ஒட்டியது.

"பாத்தீயளா தாயி? இது பெட்ரோல் இல்ல, பிசினு. நல்லதெல்லாம் காத்தோட போயிட்டு. போதாததுக்குச் சாரல் ஈரம் உள்ள எறங்கித் தண்ணியாக் கோத்துக் கெடக்கு. துரு வேற."

இரண்டு டின் நிறைந்தது. பிறகு கொஞ்சம் புதுப் பெட்ரோல் ஊற்றிக் காரைக் குலுக்கி, அதையும் இறக்கினார். மறுபடி ஊற்றினார், மறுபடி இறக்கினார். பெட்ரோல் வருகிற குழாயைக் கழற்றி சைக்கிள் பம்பு வைத்து அடித்தார். கார்புரேட்டரை எடுத்துப் பழைய செய்தித்தாள் மேல் துண்டு துண்டாகப் பரப்பி வைத்தார். அதில் ஒரு சின்னப் பித்தளைத் திருகு. நடுவில் ஊசித் துளை. அதை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து என்னைப் பார்க்கச் சொன்னார். ஒன்றும் தெரியவில்லை, அடைத்துக் கிடந்தது. ஊதி, துடைத்து, மறுபடி காட்டினார். துளைக்குள்ளே வானம் தெரிந்தது.

"இம்புட்டூண்டு ஓட்டை. அம்புட்டு வண்டியும் இதை நம்பித்தான் ஓடுது. பழசு ஒரு சொட்டு உள்ள போனாலும் இங்கன வந்து உக்காந்துக்கிடும்" என்றார்.

இதை எனக்குத்தான் சொன்னார். அம்மாவுக்குத் தெரியாது என்று சொல்லலாம். எனக்குத் தெரியும். என் கண்ணாலேயே பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கார் ஓடியது. ஐந்தருவி வரை போய்த் திரும்பி வந்தார்கள். நாலு வருஷத்துக்குப் பிறகு அந்தச் சத்தம் வாசலில் கேட்டதும் அம்மா உள்ளே போய்விட்டாள். அழுதிருப்பாள். போகும்போது மெக்கானிக் அண்ணாச்சி அந்த இரண்டு டின்னையும் காட்டி, "அடுப்புப் பக்கம் கொண்டுபோயிராதீய. நாளைக்குத் திரும்பி வந்ததும் நானே எடுத்துட்டுப் போயி தள்ளிக் கொட்டிருதேன்" என்றார். டின்கள் ஷெட்டு மூலையில் இருந்தன.

திங்கட்கிழமை காலை ஆறரைக்குப் புறப்பாடு. நான் அப்பா எடுத்துக்கொடுத்த நீலப் புடவை கட்டியிருந்தேன். மாமா கூடத்தில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார். மெக்கானிக் அண்ணாச்சி, அவர்தான் ஓட்டுவதாக ஏற்பாடு, கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தார். அம்மா என்னைக் கையைப் பிடித்து ஷெட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அவள் கையில் பித்தளைச் செம்பு ஒன்றும் புனலும் இருந்தன.

"அதுல ஒரு செம்பு மோந்து வண்டியில ஊத்து ட்டி."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எதுக்கும்மா? அவர்தான் ஒரு சொட்டுக்கூட ஆகாதுன்னு சொன்னாரே!"

"அவன் கெடக்கான். மொட்டையாத் தொடச்சு எடுத்துட்டுப் புதுச ஊத்தி வச்சிருக்கான். நம்ம வீட்டுல எதை அப்படிச் செஞ்சிருக்கோம்?"

அது உண்மைதான். எங்கள் வீட்டில் அரிசிப் பானையை வழித்துத் துடைக்கக் கூடாது. அடியில் ஒரு பிடி பழைய அரிசி இருக்கும்போதே அதன் மேல் புதுசைக் கொட்ட வேண்டும். உப்பு ஜாடி அப்படித்தான், புளிப் பானை அப்படித்தான், எண்ணெய்த் தூக்கு அப்படித்தான். வழித்துத் துடைத்தால் வீடு துடைத்துக்கொண்டு போகும் என்பது அம்மாவின் நம்பிக்கை. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து எங்கள் அடுப்படியில் எந்தப் பாத்திரமும் முழுசாகக் காலியானதில்லை.

"பாலு மாதிரின்னு அவனே சொன்னாம்லா?" என்றாள் அம்மா. "ஒரு கரண்டி பழைய மோரு விடாம பாலு தோயுமா? இது அவுக கையால ஊத்துனது ட்டி. ஒனக்காக ஊத்தி வச்சது. அதுல ஒரு செம்பாவது ஒங்கூட வர வேண்டாமா?"

"அப்போ நீயே ஊத்தேம்மா" என்றேன்.

அம்மாவின் முகம் மாறிவிட்டது. "நான் ஊத்தலாமா? நல்ல காரியத்துக்குப் போறப்போ என் கை படக் கூடாது. நீயே ஊத்து."

நாலு வருஷமாக எந்த நல்ல காரியத்திலும் முன்னால் வந்து நிற்காத அம்மா அவள். என்னை வழியனுப்பக்கூட வாசலுக்கு வர மாட்டாள். அந்த நேரத்தில் சண்டை போட எனக்கு மனசு வரவில்லை. ஒரு செம்புதானே, டாங்கி நிறையப் புதுசு இருக்கிறதே, கரைந்துவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மெக்கானிக் அண்ணாச்சி வந்துவிடுவாரே என்ற அவசரத்தில் செம்பை டின்னுக்குள் அடி தட்டும்வரை முக்கி மொண்டேன். மேலாக எடுத்திருந்தாலாவது பிசினோடு போயிருக்கும். நான் எடுத்ததில் அடியில் கிடந்த தண்ணீரும் துருவும் சேர்ந்து வந்தன. புனலை வைத்து ஊற்றினேன். மூடியைத் திருகினேன். என் வாயில் நானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

சீயக்காய் போட்டுக் கையைத் தேய்த்துக் கழுவியும் வாடை போகவில்லை. கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு காரில் ஏறினேன். அம்மா ஜன்னல் கம்பிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள்.

கார் ஜோராகத்தான் புறப்பட்டது. தென்காசியில் மொட்டைக் கோபுரத்தைத் தாண்டும்போது கும்பிட்டுக்கொண்டேன். சாரல் பின்னால் நின்றுவிட்டது. பாவூர்ச்சத்திரம் தாண்டியதும் வெயிலும் காற்றும்தான். மடியில் சர்டிபிகேட்டுகள் இருந்தன. என்ன கேள்வி கேட்பார்கள், என்ன சொல்ல வேண்டும் என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பள்ளத்தில் கார் இறங்கி ஏறியது. இருமியது. பிறகு இன்னொரு தடவை இருமியது. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த மெக்கானிக் அண்ணாச்சியின் கழுத்து விறைத்தது எனக்குப் பின்னாலிருந்து தெரிந்தது.

ஓரமாக நிறுத்தி, இஞ்சினைத் திறந்து, பெட்ரோலை வடிகட்டுகிற சின்னக் கண்ணாடிக் கிண்ணத்தைக் கழற்றினார். கொட்டிவிட்டு மாட்டினார். ஒரு மைல் போனோம். மறுபடி நின்றது. மறுபடி கழற்றினார், மறுபடி ஓடியது. ஆலங்குளத்துக்குக் கொஞ்சம் முன்னால், புளிய மரங்கள் நிற்கிற இடத்தில், அடியோடு நின்றுவிட்டது. அப்போது மணி எட்டு. மாமா இறங்கி வேட்டியை மடித்துக் கட்டினார்.

மெக்கானிக் அண்ணாச்சி பின்கதவுப் பக்கம் வந்து, "தாயி, சீட்டுக்கடியில சாமான் சுத்துன துணி இருக்கும், எடுத்துக் குடுங்க" என்றார். எடுத்துக் கொடுத்தேன். வாங்கும்போது ஒரு நொடி நின்றார். என் கையைப் பார்த்தார், பிறகு முகத்தைப் பார்த்தார். துணியோடு முன்பக்கம் போய்விட்டார்.

கார்புரேட்டரைப் பிரித்து அந்தப் பித்தளைத் திருகை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். எனக்கும் தெரிந்தது. துளை இல்லை.

"என்னலே ஆச்சு?" என்றார் மாமா.

"பழசு எப்படியோ உள்ள தங்கியிருக்கு அண்ணாச்சி" என்றார். சொல்லிவிட்டு என் பக்கம் ஒரு தடவை பார்த்தார்.

"எப்படியோவா? ஒரு சொட்டு இல்லாம தொடச்சு எடுத்துட்டேன்னு நெஞ்ச நிமித்திட்டு சொன்னியேலே! ஏமாத்துப் பயலே!" மாமா கையை ஓங்கினார் என்றுதான் நினைத்தேன். அடித்தேவிட்டார். கன்னத்தில். வயல் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த நாலைந்து பெண்கள் நின்று பார்த்தார்கள்.

நான் வாயைத் திறக்கவில்லை. ஏன் திறக்கவில்லை என்று இங்கே சொல்லிவிடுகிறேன். அம்மாவைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று நினைத்தேன் என்று சொன்னால் நன்றாக இருக்கும். அது பொய். மாமாவின் கோபம் அவர் மேலேயே இருக்கட்டும், என் பக்கம் திரும்பிவிட்டால் வீட்டுக்குத் திரும்பு என்று சொல்லிவிடுவார், அப்புறம் திருநெல்வேலி இல்லை, வேலை இல்லை. அது ஒன்றுதான் என் மனசில் ஓடியது. அந்த வேலைக்காக அந்த மனுஷர் அடிபடுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன்.

அப்போது செங்கோட்டையிலிருந்து திருநெல்வேலி போகிற பஸ் வந்தது. இதை நான் மறக்க மாட்டேன். அடிவாங்கிய கன்னத்தோடு மெக்கானிக் அண்ணாச்சி ரோட்டு நடுவில் ஓடிப்போய் இரண்டு கையையும் ஆட்டி அந்த பஸ்ஸை நிறுத்தினார். "தாயி, ஏறிருங்க! ஒம்பதரைக்கெல்லாம் போயிரலாம். ஏறிருங்க!"

சர்டிபிகேட்டுகளை எடுத்துக்கொண்டு நான் காரைவிட்டு இறங்கிவிட்டேன். பஸ் பத்தடி தூரத்தில் உறுமிக்கொண்டு நின்றது. முன் சீட்டில் இருந்த ஒரு அம்மாள் எனக்கு இடம்விட்டு நகர்ந்துகூட உட்கார்ந்தாள். கண்டக்டர், "ஏறுதீயளா இல்லையாம்மா? நேரமாவுது!" என்று கத்தினார்.

மாமா என்னைப் பார்க்கவே இல்லை. கண்டக்டரைப் பார்த்துக் கையை வீசினார். "போப்பா, நீ போ. எங்க வண்டி இருக்கு."

எங்கள் வண்டி இருந்தது! வாயைப் பிளந்துகொண்டு புளிய மரத்தடியில் இருந்தது. மாமா என் கையைப் பிடித்து இழுக்கவில்லை. வழியை மறிக்கவில்லை. நான் ஏறியிருந்தால் பஸ்ஸுக்குள் வந்து என்னை இறக்கியிருக்க மாட்டார். அத்தனை பேர் முன்னால் அந்தக் கேவலத்துக்கு அவர் துணிய மாட்டார். பத்தடி. நான் ஏறவில்லை. கண்டக்டர் விசில் ஊதினார், பஸ் போய்விட்டது.

கார் மறுபடி ஓடும்போது மணி பத்தரை தாண்டிவிட்டது. டாங்கியில் இருந்ததை அங்கேயே மண்ணில் இறக்கி, ஆலங்குளத்துக்கு நடந்துபோய்ப் புதுப் பெட்ரோல் வாங்கி வந்து, எல்லாம் அவர் ஒருவர்தான் செய்தார். மாமா ஒரே வார்த்தைதான் சொன்னார்: "வீட்டுக்குத் திருப்பு." திரும்பி வரும்போது அந்தப் பாழாய்ப்போன கார் ஒரு தடவைகூட இருமவில்லை.

அம்மாவிடம் அடுப்படியில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். கத்தினேன் என்றே சொல்லலாம். அம்மா அரிசி களைந்துகொண்டே கேட்டாள். "ஒரு செம்பு எண்ணெய்க்கா அம்புட்டுப் பெரிய வண்டி நிக்கும்? ஒனக்கு அந்த வேல எழுதல, அவ்வளவுதான்" என்றாள். மாமாவிடம் போய் உண்மையைச் சொல் என்று அவள் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. மீதி இருந்த பெட்ரோலை அம்மா வீணாக்கவில்லை. மாடிக் கட்டில்களில் மூட்டைப்பூச்சிக்கு அதைத்தான் தடவினோம். அடுத்த இரண்டு சீசனுக்கும் மாடிக்குப் போனால் எனக்கு அந்த வாடை அடிக்கும்.

மாமா சும்மா இருக்கவில்லை. தென்காசியில் கார் வைத்திருந்த ஒரு வீடு பாக்கியில்லாமல், அவன் ஏமாற்றுக்காரன், பழைய பெட்ரோலை உள்ளே விட்டுவிட்டுத் துடைத்துவிட்டேன் என்று பொய் சொன்னவன் என்று சொல்லிவைத்தார். ஏழெட்டு வீடுதான் இருக்கும். அந்த ஏழெட்டு வீட்டை நம்பித்தான் அவர் இருந்தார். ஒரு வருஷத்துக்குள் அவர் பட்டறை வைத்திருந்த ஷெட்டில் வேறு யாரோ சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். எனக்கு மாமா பார்த்த இடத்தில் கல்யாணம் ஆகி அச்சன்புதூருக்குப் போனேன். அந்தப் பள்ளிக்கூட வேலைக்கு யாரோ ஒருத்தி போயிருப்பாள். அவள் நன்றாக இருக்கட்டும் என்று நினைக்கவே எனக்கு ரொம்ப வருஷம் பிடித்தது.

அவரை ஒரே ஒரு தடவை மறுபடி பார்த்தேன். எழுபதுகள் பிறந்து இரண்டு மூன்று வருஷம் ஆகியிருந்தது. மாமா இறந்துபோயிருந்தார். நான் பஸ்ஸில் போகிறேனா, நடந்து போகிறேனா என்று கேட்க ஆளில்லை. எதற்கோ செங்கோட்டைக்குத் தனியாக வந்துவிட்டு பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தேன். ஒரு லாரிக்கடியிலிருந்து அவர் வெளியே வந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. மலைக்கு அந்தப் பக்கம் புனலூரில் ஒரு பட்டறையில் கூலிக்கு இருப்பதாகச் சொன்னார். என்னை அடையாளம் தெரிந்துகொண்டு, "சௌக்கியமா தாயி? எத்தன பிள்ளைய?" என்று விசாரித்தார்.

அதற்குமேல் என்னால் அடக்க முடியவில்லை. "அண்ணாச்சி, அன்னைக்கு அதை ஊத்துனது நான்தான்" என்று சொல்லிவிட்டேன். பத்து வருஷம் கழித்து, பஸ் ஸ்டாண்டில், யாருக்கும் பிரயோசனமில்லாத ஒரு உண்மையைச் சொன்னேன்.

அவர் கையிலிருந்த எண்ணெய்த் துணியை மடித்தார். "தெரியும் தாயி. அந்தச் சாமான் துணியக் குடுத்தப்பவே வாடை அடிச்சுது. புதுப் பெட்ரோல் வாடை வேற, அது வேறல்லா?"

"தெரிஞ்சுமா அடி வாங்குனீய? மாமாகிட்ட ஏன் சொல்லல?"

"நான் எப்படிச் சொல்ல? சொன்னா ஒங்கள அங்கனயே திருப்பிக் கூட்டிட்டுப் போயிருவாகளே." மடித்த துணியைத் தோளில் போட்டுக்கொண்டார். "நீங்க சொல்லுவீயன்னு நின்னேன்."

அச்சன்புதூர் பஸ் வந்தது. "ஏறிருங்க தாயி" என்றார். ஏறினேன்.